மூன்றரைக் கட்டை ஏன் இல்லை?

கச்சேரிக்குப் போய்ப் பழகியவர்களுக்குக் ‘கட்டை’ தெரியும். “அந்த அம்மாள் ஐந்தரைக் கட்டையில் பாடுவார்”, “இன்றைக்குத் தொண்டை சரியில்லை, அரைக் கட்டை இறக்கிக்கொள்ளலாம்” என்று மேடைக்குப் பின்னால் அன்றாடம் புழங்குகிற சொல். ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனால் அடுத்து வருவது நான்கு. மூன்றரை கிடையாது. ஆறரை உண்டு, ஏழரை கிடையாது. ஏழரைக்கு நம்மிடம் வேறு வேலை இருக்கிறது, அது சனி பகவானுடையது.

கட்டை என்பது ஹார்மோனியத்திலும் பியானோவிலும் விரல் படுகிற வெள்ளைக் கட்டை. அரை என்றால் அதை ஒட்டியிருக்கும் கறுப்பு. மூன்றாம் வெள்ளைக்கும் நான்காம் வெள்ளைக்கும் இடையில் கறுப்பு கிடையாது. ஏழாவதுக்கும் அடுத்த ஸ்தாயியின் முதல் வெள்ளைக்கும் இடையிலும் கிடையாது. அதனால்தான் நம் எண்ணிக்கையில் அந்த இரண்டு ஓட்டைகள். பியானோவுக்குத் தன் மேடையில் இடம் தராத ஓர் இசை, தன் குரல் நிற்கும் உயரத்தை மட்டும் அதே பியானோவின் பலகையை வைத்து அளந்துகொண்டிருக்கிறது.

மேற்கே ஒரு பியானோ கலைஞரின் வாழ்க்கை மூன்று காலில் நிற்கும். தனியாக மேடையேறுவது ஒன்று. வீட்டுக்கூடம் போன்ற சிறிய அறையில் மூன்று நான்கு பேரோடு சேர்ந்து, ஒருவருக்கொருவர் செவி கொடுத்து வாசிப்பது இரண்டாவது. பாடம் சொல்லிக்கொடுப்பது மூன்றாவது. இந்த மூன்றும் தஞ்சைச் சீமையில் இல்லாமலில்லை. பியானோவும் ஒருகாலத்தில் வாசல்வரை வந்தது. ஆனாலும் அதை நம்பிப் பிழைத்த வித்வான் ஒருவர் காவிரிக் கரையில் உருவாகவில்லை. அதே வாசலில் அதே காலத்தில் வந்த வயலினோ, இன்று அது இல்லாமல் கச்சேரியே இல்லை. ஏன் இப்படி ஆயிற்று?

இரண்டாம் சரபோஜி 1798-இல் பட்டத்துக்கு வந்தார். மறு ஆண்டே ஆட்சியைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டுக் கோட்டையையும் அதைச் சுற்றிய சிறு பகுதியையும் மட்டும் வைத்துக்கொண்டார். 1799 ஒப்பந்தப்படி அவருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும் நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் கிடைத்தன. நாடு என்றால் காவிரிப் பாசனம். வருவாய் என்றால் நெல். போர் இல்லை, நிர்வாகம் இல்லை, பணம் மட்டும் வந்துகொண்டிருந்த அரசர் அதை நூல்களிலும் மருத்துவத்திலும் வாத்தியங்களிலும் போட்டார். அரண்மனையில் மேற்கத்திய வாத்தியக் குழு இருந்தது. அக்காலத்து ஐரோப்பிய இசை நோட்டுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. குறுவையும் தாளடியும் விளைந்த காசில் வாங்கிய நோட்டுகள் அவை.

இந்த இடத்தில் ஒரு கதையைக் கழித்துவிட வேண்டும். தஞ்சை நால்வர் எனப்படும் இசைச் சகோதரர்களில் இளையவரான வடிவேலு, பாதிரியார் சுவார்ட்சிடம் வயலின் கற்றார் என்று சிலர் எழுதிவிட்டார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். சுவார்ட்ஸ் இறந்தது 1798 பிப்ரவரியில். வடிவேலு பிறந்தது 1810-இல். சரபோஜிக்கு சுவார்ட்ஸ் ஆசான் என்பது உண்மை. ஆசானின் மரணப் படுக்கையருகே சரபோஜி நிற்கும் காட்சியை ஜான் பிளாக்ஸ்மன் பளிங்கில் செதுக்கியது தஞ்சைச் சிவகங்கைக் கோட்டைத் தேவாலயத்தில் இருக்கிறது. அந்தப் பளிங்கைப் பார்த்தாலே வடிவேலு கதை கலைந்துவிடும்.

சரபோஜி அவையைச் சேர்ந்த வராகப்பையரைப் பற்றியும் ஒரு கதை உண்டு. அரசரின் காரியமாக அவர் சென்னைக்குப் போனார், கவர்னர் மாளிகையில் மேற்கத்திய வாத்தியங்களைக் கண்டார், பியானோவும் வயலினும் கற்றுக்கொண்டு திரும்பினார் என்பார்கள். கதை சொல்பவருக்குச் சொல்பவர் விவரம் மாறும். ஆனால் நான் இங்கே சொன்ன வடிவத்தில் இரண்டு வாத்தியங்களும் ஒன்றாகவே வருகின்றன. தஞ்சை இரண்டையும் ஒருசேரப் பார்த்தது என்ற நினைவு அந்தக் கதையில் தங்கியிருப்பதாகவே எனக்குப் படுகிறது.

வயலின் வந்த பாதைகளுக்குக் கதை தேவையில்லை. திருவாரூர் முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலசாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் மணலி முதலியாரின் ஆதரவில் இருந்தபோது வெள்ளைக்காரரிடம் வயலின் கற்றார். வடிவேலு அதைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். அரை நூற்றாண்டு கழித்துத் திருக்கோடிக்காவல் கிருஷ்ணையர், பிறகு கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை என்று ஆற்றங்கரை ஊர்களின் பெயரே வயலினோடு ஒட்டிக்கொண்டது. கிருஷ்ணையரின் மருமான்தான் செம்மங்குடி சீனிவாசையர்.

முத்துசாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டுச் செய்தவை ‘நோட்டுஸ்வர சாகித்யங்கள்’. சுமார் 40 கிடைக்கின்றன. இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டில் ஒன்று உண்டு. எல்லாம் சங்கராபரணம். பியானோவில் ஒன்றாம் கட்டையில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்தினால் வருவது அதே சங்கராபரணத்தின் சுர வரிசை. ராகத்தில் ஆழங்காண முடியாத சுரங்களையே எழுதிக் குவித்த அந்த மனிதர், இந்தப் பாட்டுகளில் ஓர் அசைவுகூட வைக்கவில்லை. தட்டையான சுரத்துக்குத் தட்டையான சாகித்யம். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவை இன்றும் நன்றாக இருக்கின்றன. ஆனால் யாரும் அவற்றை சங்கராபரண ஆலாபனைக்குப் பின் பாடுவதில்லை. எது எங்கே நிற்கும் என்பதை தீட்சிதரே வகுத்துவிட்டார்.

பியானோ தங்காததற்கு ‘அந்நிய வாத்தியம்’ என்ற காரணம் நிற்காது. வயலினும் அந்நியம்தான். தட்பவெப்பம் ஒரு காரணம். சரபோஜி காலத்துப் பியானோ மரச்சட்டத்தில் கட்டியது. ஐப்பசி அடைமழையில் மரம் ஊதும்; சித்திரை வெயிலில் சுருங்கும்; நூற்றுக்கு மேற்பட்ட தந்திகளும் ஒவ்வொரு பருவத்துக்கும் சுருதி கலையும். அவற்றைத் திருப்பி முறுக்கச் சென்னையிலிருந்து ஆள் வரவேண்டும். வயலினின் நான்கு தந்தியை வித்வானே ஒரு நிமிஷத்தில் சேர்த்துக்கொள்வார். திருவையாறு உற்சவத்துக்கு மாட்டுவண்டியில் போகிறவர் மடியில் வைத்துக்கொண்டு போகலாம்.

இதெல்லாம் கூடுதல் காரணங்கள். அடிப்படைக் காரணத்தைத் தேட தஞ்சாவூர் வீணைக்குப் போக வேண்டும்.

பியானோவின் தத்துவம் தஞ்சைக்குப் புதிதில்லை. ரகுநாத நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், வீணைக்கு 24 மெட்டுகள் நிலையாக அமைந்தன. ஸ்தாயிக்கு 12, இரண்டு ஸ்தாயி. ராகத்துக்கு ராகம் மெட்டைப் பிடுங்கி நட வேண்டாம். எல்லா ராகமும் அதே மெட்டுகளில். பியானோ பலகையிலும் ஸ்தாயிக்குப் பன்னிரண்டுதான், ஏழு வெள்ளை ஐந்து கறுப்பு. இத்தாலியில் கிறிஸ்டோபோரி முதல் பியானோவைச் செய்தது 1700-ஐ ஒட்டி. பன்னிரண்டு நிலையான சுரங்களை ஒரே கருவியில் பதிக்கும் சிந்தனை இங்கே அதற்குமுன் வேர்விட்டாயிற்று. அந்தப் பன்னிரண்டிலிருந்து 72 மேளத்தைக் கணக்கிட்ட வேங்கடமகியும் தஞ்சை அரசவையைச் சேர்ந்தவர்.

வேறுபாடு மெழுகில் இருக்கிறது. தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரத்தைக் குடைந்து குடம் செய்வார்கள். குடமும் தண்டியும் ஒரே மரமானால் ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. தண்டியின் இரு விளிம்பிலும் கரித்தூள் கலந்த மெழுகுச் சுவர். அதன்மேல் வெண்கல மெட்டுகளை வைத்து, காதால் கேட்டுக் கேட்டு, மயிரிழை அளவு நகர்த்தி அழுத்துவதை மேளம் கட்டுதல் என்பார்கள். சுரத்தின் இடம் நிலையானது, ஆனால் கொஞ்சம் இளகக்கூடியது. இதைவிட முக்கியமான ஒன்று: மெட்டின்மேல் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் ஏறும், இரண்டு மூன்று சுரம் தாண்டியும் ஏறும். நம் கமகம் அந்த இழுப்பில் இருக்கிறது. தோடியின் காந்தாரத்தை ஒரு புள்ளியாக நிறுத்திப் பாடுங்கள், தோடி போய்விடும்.

பியானோவில் கட்டையை அழுத்தியதும் உள்ளே கம்பளி சுற்றிய சுத்தியல் தந்தியை அடித்துவிட்டு விலகிவிடுகிறது. அடித்த பிறகு அந்த ஒலி வாசிப்பவர் கையில் இல்லை. அது தேய்ந்துகொண்டே போகும். ஏற்றவோ இறக்கவோ அசைக்கவோ முடியாது. பியானோவுக்கு இருப்பது பத்து விரலால் பத்து சுரத்தை ஒரே சமயத்தில் ஒலிக்கும் ஆற்றல். நம் இசைக்கு அன்று அது தேவைப்படவில்லை. பன்னிரண்டு என்ற எண் ஏற்கெனவே இங்கே இருந்தது. இழுப்பு வேண்டும் என்றவர்களுக்கு வயலினில் அது மெட்டே இல்லாமல் கிடைத்தது. தஞ்சை தெரிந்தெடுத்தது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

சிறிய அறையில் வாசிப்பது, பாடம் சொல்வது என்ற இரண்டு காலிலும் நின்ற ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. வீணை தனம்மாள் (1867–1938). தஞ்சை அரசவைக் கலைஞர் பாப்பம்மாளின் வழி வந்தவர். குடும்பம் சென்னை ஜார்ஜ் டவுனுக்குக் குடிபெயர்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலையில் அவர் வீட்டில் வீணை கேட்க வித்வான்களே வந்து உட்காருவார்கள். பல சமயம் மிருதங்கம்கூட இருக்காது. இருமலை அடக்கிக்கொண்டு கேட்க வேண்டிய மெல்லிய நாதம். ஐரோப்பியர் பிரபுக்களின் கூடத்தில் கேட்ட அறையிசைக்கு நம் பக்கத்தில் இதைவிடச் சரியான இணை எனக்குத் தெரியவில்லை. அவர் சொல்லிக்கொடுத்தது பேரப்பிள்ளைகள் பிருந்தா, முக்தா, பாலசரசுவதி, விஸ்வநாதன் வழியாக அமெரிக்கப் பல்கலைக்கழகம்வரை போயிற்று. கலை பெருகிய அளவுக்கு அவர் கையில் காசு பெருகவில்லை. அரசர் போன பின் தஞ்சைக் கலைஞர்களுக்குப் பொதுவில் நேர்ந்தது அதுதான்.

1855-இல் தஞ்சை மராட்டிய அரசு முடிந்தது. கட்டை வாத்தியத்தின் பிழைப்பு அதன்பின் தேவாலயத்திலும் மிஷன் பள்ளியிலும் நாடகக் கொட்டகையிலும் நடந்தது. ராஜபார்ட் பாட்டுக்குக் காலால் மிதித்து ஊதும் ஹார்மோனியம்தான் உயிர். ‘கட்டை’ என்ற அளவு பாடகர் வாயில் புகுந்தது பெரும்பாலும் இந்த வழியில்தான் இருக்க வேண்டும். இந்தச் சூழலில், அரசரும் ஜமீனும் இல்லாமல், மாத்திரை விற்ற காசில் ஒருவர் தஞ்சையை மறுபடி இசை விவாதத்தின் நடுவே கொண்டுவந்து உட்காரவைத்தார்.

ஆபிரகாம் பண்டிதர் 1859 ஆகஸ்டு 2-ஆம் தேதி தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி. அங்கேயே சடையாண்டிப் பத்தரிடம் வயலின். மனைவி ஞானவடிவு பொன்னம்மாளோடு தஞ்சைக்கு வந்து பெண்கள் பள்ளியில் இருவரும் ஆசிரியர்களாக இருந்தார்கள். பிறகு வேலையை விட்டுவிட்டுச் சித்த மருத்துவத்தில் முழுதாக இறங்கினார். தம் குரு கருணானந்தர் பெயரிலான அவரது மருந்துகள் கடல் தாண்டியும் விற்றன. தஞ்சைக்கு வெளியே கருணானந்தபுரம் என்று பண்ணை வைத்தார். ஊரார் அதைப் பண்டிதர் தோட்டம் என்றார்கள். புகைப்படக் கலையில் தேர்ச்சி, தோட்டக்கலையில் பரிசுகள். ஒரு மனிதருக்கு இத்தனை கை எப்படி என்று கேட்கத் தோன்றும். மேற்கத்திய இசையையும் முறையாகக் கற்றுக்கொண்டார்.

ஆசிரியராக அவர் முதலில் பார்த்த குறை சாதாரணமானது. இசை படிக்கும் தமிழ்ப் பிள்ளை கீதம், வர்ணம் எல்லாவற்றையும் தனக்குப் புரியாத மொழியில் மனப்பாடம் செய்தது. அதற்காகவே தமிழில் பாடப் பயிற்சிகள் இயற்றி ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என்று வெளியிட்டார். 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்வான்களை வரவழைத்து, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, தஞ்சையில் மாநாடுகள் கூட்டினார். செலவு அவருடையது. சுருதி எத்தனை என்பதே அங்கே தீராத வழக்கு.

ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதி என்பது பழைய வடமொழி நூல்களின் வழக்கு. பண்டிதர் அதை ஏற்கவில்லை. சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு இராசி வீடுகளில் சுரங்களை நிறுத்தும் ஆயப்பாலையைத் தன் சான்றாக எடுத்தார். ஓர் இராசியிலிருந்து ஏழாவது இராசிக்கு இணை, நம் வழக்கில் ச–ப உறவு, போய்க்கொண்டே இருந்தால் பன்னிரண்டாவது தாவலில் புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேர வேண்டும். கட்டத்தில் அப்படித்தான் வருகிறது. ஆனால் தந்தியில் வராது. ச–ப உறவைச் சுத்தமாக ஒன்றுக்கு ஒன்றரை என்று வைத்தால் பன்னிரண்டு தாவலில் கிடைப்பது 129.75 மடங்கு, ஏழு ஸ்தாயி ஏறினால் 128 மடங்கு. வட்டம் மூட ஒரு சிட்டிகை மிஞ்சுகிறது. கிரேக்கர் காலத்திலிருந்து எல்லாரையும் அலைக்கழித்த மிச்சம் இது.

வட்டம் மூடியே ஆக வேண்டுமென்றால் ஒரே வழி, மிச்சத்தைப் பன்னிரண்டு தாவலுக்கும் சமமாகப் பங்கிட்டுவிடுவது. ஒவ்வொரு அரைச்சுரமும் முந்தையதைப்போல் 1.05946 மடங்கு. பண்டிதர் இதைத்தான் பழந்தமிழர் செய்தார்கள் என்று வாதிட்டார். அதிலிருந்து வட்டப்பாலை என்ற அடுத்த பகுப்புக்கு 24 என்று சமபங்காகவே மேலும் பிரித்துக்கொண்டு போனார். தம் கணக்கையெல்லாம் 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்று 1,300 பக்கத்துக்கு மேல் அச்சிட்டார். அச்சகமும் அவருடையதே, கவர்னர் லாலியின் பெயரில் தஞ்சையில் நடந்த மின் அச்சகம். அதற்கு முன்பே 1916-இல் பரோடாவில் கூடிய முதல் அகில இந்திய இசை மாநாட்டில் தம் கொள்கையை முன்வைத்து, வீட்டுப் பெண்களைக்கொண்டு பாடியும் வீணையில் வாசித்தும் மெய்ப்பிக்க முயன்றார்.

பண்டிதர் சிலப்பதிகாரத்தில் கண்டெடுத்த 1.05946தான் அவர் காலத்துப் பியானோவைச் சுருதி சேர்க்கும் கணக்கும். அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் சமப் பகுப்பில் அந்தர காந்தாரம் 400-இல் நிற்கிறது. தம்புராவின் கார்வையில் தானாக எழும் காந்தாரம் 386-இல். பதினான்கு பங்கு வித்தியாசம் நல்ல காதுக்குக் கரடுமுரடாகவே கேட்கும். 22 சுருதிக்காரர்கள் பண்டிதரை மறுத்தது இங்கே. ஈழத்தின் விபுலானந்த அடிகள் 1947-இல் திருக்கொள்ளம்புதூர் கோயிலில் அரங்கேற்றிய ‘யாழ் நூல்’ வேறு கணக்கில் போயிற்று. பண்டிதரின் மகன் வரகுண பாண்டியன் அதை எதிர்த்து நூல் எழுதினார்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இராசிக் கட்டம் மூடுவதால் தந்தியும் சமமாகப் பகுபட்டது என்று முடிவுகட்ட முடியாது. கட்டம் சுரங்களின் உறவைக் காட்டும் படம்; அதிர்வெண்ணை அளக்கும் கோல் அல்ல. பண்டிதர் அந்தப் படத்தைக் கோலாக எடுத்துக்கொண்டார். பியானோவின் சமப் பகுப்பு அறிவியலின் உச்சமாகப் பேசப்பட்ட காலம் அது. நமக்கும் அது உண்டு, முன்பே உண்டு என்று காட்டும் ஆவல் அவரை இழுத்திருக்க வேண்டும். ஆனாலும் பழந்தமிழ் இலக்கியத்தின் இசைச் செய்திகளைக் கணக்காக மாற்றிச் சோதிக்கலாம் என்று துணிந்தவர் அவர். அவரை மறுத்தவர்களும் அதன்பின் எண்ணோடுதான் மறுக்க வேண்டியிருந்தது. அரசர் காலத்தில் தஞ்சை வாத்தியமாக ஏற்காத பியானோ, கணக்காக உள்ளே வந்து ஒரு தலைமுறையையே சண்டைபோட வைத்துவிட்டது.

சண்டை வானொலிவரை போயிற்று. டில்லி வானொலியில் பணியாற்றிய ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜான் பௌல்ட்ஸ் ஹார்மோனியம் இந்திய இசையின் நுண் சுருதியைக் கெடுக்கிறது என்று எழுதினார். 1940-இல் வானொலி ஹார்மோனியத்தைத் தடைசெய்தது; 1971-வரை தளரவில்லை. கட்டை வாத்தியத்தை விரட்டியதில் முன்நின்றவர் ஒரு வெள்ளைக்காரர் என்பது வரலாற்றின் குறும்பு.

பியானோவை நம்பி வாழும் தமிழ்க் கலைஞர் இன்று உண்டு. சென்னையின் அனில் சீனிவாசன் சிறு வயதிலிருந்து மேற்கத்திய முறையில் பியானோ பயின்றவர். மேடை, சக கலைஞரோடு இணைந்து வாசிப்பு, கற்பித்தல் என்று தொடக்கத்தில் சொன்ன மூன்று காலும் அவரிடம் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை வழியே பாடம் சொல்ல ‘ராப்சடி’ என்ற அமைப்பை நடத்துகிறார். அவரோடு நெடுங்காலமாகச் சேர்ந்து பாடுகிறவர் சிக்கில் குருசரண்; நாகப்பட்டினத்துக்குப் பக்கத்துச் சிக்கிலின் புல்லாங்குழல் சகோதரிகளில் மூத்தவரான குஞ்சுமணியின் பேரன். கமகத்தைக் குரல் பார்த்துக்கொள்ள, பியானோ அடுக்குச் சுரங்களால் அதற்குத் தரை போடுகிறது. பல இடங்களில் சும்மா இருக்கிறது. இழுக்க முடியாததை இழுப்பதாகப் பாவனை செய்யாத அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. சம்பிரதாயக் கச்சேரிக்கு அது மாற்றாகாது. ஆனால் வராகப்பையர் கதையில் பாதியில் நின்றுபோன ஒரு வேலை அங்கே தொடர்கிறது.

தஞ்சைக்கு ஒரு கடன் பாக்கியிருக்கிறது. சரபோஜி சேர்த்த ஐரோப்பிய இசை நோட்டுகள் சரசுவதி மகாலில் தாளாக இருக்கின்றன. அதே அரண்மனை வளாகத்தில், கூப்பிடு தூரத்தில், இசைக்கென்றே கட்டிய சங்கீத மகால் இருக்கிறது. வீணை செய்யும் தெருவும் தொலைவில் இல்லை. நூலகத்தாரும் பண்பாட்டுத் துறையினரும் மனம்வைத்தால் ஒரு பியானோ, இரண்டு வயலின், வாசிக்கத் தெரிந்த மூன்று பேர் போதும். மழைக்காலம் வேண்டாம், தை மாதத்தில், அறுப்பு முடிந்த பிறகு, ஒரு மாலை அந்தத் தாள்களைத் திறந்து வாசித்துவிடுங்கள்.